அணைந்த விளக்கும் மூடாத வால்வும்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கும் வேளையில், பழக்கமான பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஹஜ்ரத், என் மகனுக்காக துஆச் செய்யுங்கள்" என்றார். பிள்ளை பொறியியல் படித்தவர். அணுமின் நிலையம் ஒன்றில் பணி கிடைத்துச் சில ஆண்டுகளாகின்றன. இன்னும் பரீட்சை, பரீட்சை என்றே இரவும் பகலும் புத்தகத்தோடு கிடக்கிறாராம். உலையை இயக்குவதற்கான உரிமம் கைக்கு வந்தபிறகுதான் நிக்காஹ் என்று சொல்லிவிட்டாராம். பெண் வீட்டார் பொறுமையிழக்கிறார்கள்.

"பாஸ் செய்ததைப் பார்த்துத்தானே வேலைக்கு எடுத்தார்கள்? எடுத்தபின் எதற்கு இத்தனை பரீட்சை? பழைய கேள்விகள் எங்கேனும் கிடைத்தால் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகலாம். அதற்கும் இவன் ஒப்பமாட்டேன் என்கிறான்" என்று அங்கலாய்த்தார்.

துஆச் செய்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விட்டபாடில்லை. நான் கலைப் பாடத்தில் பட்டம் பெற்றவன். பௌதிகத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு அறுந்துபோயிற்று. எனினும் பரீட்சை என்பது என் தொழில். ஆகவே அந்தப் பிள்ளைகளை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தேடிப் படிக்கலானேன். அமெரிக்க நாட்டில் இதன் விதிகளும் விசாரணை அறிக்கைகளும் பொதுமக்கள் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருப்பதால், அந்நாட்டின் செய்தியையே இங்கே எடுத்துரைக்கிறேன்.

அங்கே அணு உலையின் விசைகளைத் தொடுவதற்கு ஒருவருக்கு அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் கைப்பட உரிமம் வழங்கவேண்டும். நிறுவனம் வேலை கொடுத்தது என்பது மட்டும் போதாது. இயக்குநர் என்று ஒரு படி. அவருக்கு மேலே கட்டளையிடும் முதுநிலை இயக்குநர் என்று இன்னொரு படி. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை வகுப்பிலும் நிலையத்திலும் பயிற்சி. முதலில் அணுப்பிளவு, வெப்பம், நீரோட்டம், பம்பு, வால்வு ஆகியவற்றின் அடிப்படைகளில் ஒரு தேர்வு. அதன்பின் தாம் பணிபுரியும் அந்த ஒரு நிலையத்தைப் பற்றியே எழுத்துத் தேர்வு. இயக்குநருக்கு 75 வினாக்கள்; முதுநிலையினருக்கு மேலும் 25. நூற்றுக்கு 80 எடுத்தால்தான் தேர்ச்சி. 79 எடுத்தவர் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். கருணை மதிப்பெண் என்ற பேச்சே இல்லை.

எழுத்தோடு முடிந்துவிடவில்லை. தேர்வாளர் மாணவரை நிலையத்துக்குள் அழைத்துச் சென்று, "இந்தப் பம்பு நின்றுவிட்டது; என்ன செய்வாய், செய்து காட்டு" என்கிறார். இயக்குநராக விரும்புபவர் கட்டுப்பாட்டு அறையில் எட்டும் வெளியே நிலையத்தில் மூன்றுமாக இத்தகைய பணிகளைச் செய்து காட்டவேண்டும். அதற்குப் பிறகு சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கூடம். உண்மையான கட்டுப்பாட்டு அறையைப் போலவே விளக்குகளும் கைப்பிடிகளும் மணியோசைகளும் அங்கே அமைந்திருக்கும். என்ன கோளாறு வரப்போகிறது என்று மாணவருக்குத் தெரியாது. குழாய் உடையும், அளவி பொய் சொல்லும், ஒரு கோளாறைச் சமாளிக்குமுன் மற்றொன்று வரும். தேர்வாளர் பின்னே நின்று குறிப்பெழுதிக்கொண்டிருப்பார்.

அந்தக் கூடத்தில் அவர்கள் பேசிக்கொள்ளும் முறையைப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. மேலவர் ஒரு கட்டளையிடுவார். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். மேலவர் "சரி" என்று உறுதி சொன்ன பின்னரே கை விசைக்குப் போகும். உஸ்தாத் ஓத, மாணவன் திருப்பி ஓத, உஸ்தாத் தலையசைத்த பின்னரே அடுத்த ஆயத்துக்குப் போகும் நம் மக்தபின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்பதனால் விளையும் கேட்டை இரு சாராருமே அறிந்திருக்கிறார்கள்.

இத்தனை கடுமை ஆதியிலிருந்தே இருந்ததன்று. அதற்கு ஒரு விடியற்காலை காரணமாயிற்று.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரிஸ்பர்க் நகருக்கருகே, சஸ்குவஹானா நதியின் நடுவே த்ரீ மைல் ஐலண்ட் என்றொரு தீவு. அங்கிருந்த இரண்டாம் உலையில் 1979 மார்ச் 28 அன்று அதிகாலை நான்கு மணிக்கு, நீராவிக் கலங்களுக்கு நீர் அனுப்பும் பம்புகள் நின்றன. உலையில் அழுத்தம் ஏறிற்று. அதைத் தணிக்கும் வால்வு திறந்தது. உலையும் தானே நின்றது. இதுவரை எல்லாம் ஒழுங்கு. அழுத்தம் தணிந்ததும் அந்த வால்வு மூடியிருக்கவேண்டும், மூடவில்லை. ஆனால் பலகையிலிருந்த விளக்கோ அணைந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிற்று என்று இயக்குநர்கள் கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டுவதற்கு அமைந்ததன்று. மூடு என்ற ஆணை போய்விட்டது என்பதை மட்டுமே அது காட்டிற்று. ஆணை போனது, நிறைவேறவில்லை.

திறந்த வால்வின் வழியே உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் சில நிமிடங்களுக்குள் ஒலித்தன. அழுத்தம் இறங்குகிறது, ஆனால் அழுத்தத்தைக் காக்கும் கலத்தில் நீர்மட்டம் ஏறுகிறது. அந்தக் கலம் நீரால் நிரம்பிவிடக்கூடாது என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போதிக்கப்பட்டிருந்தது. ஆகவே, தானே பாயத் தொடங்கியிருந்த அவசரகால நீரை அவர்கள் தம் கையாலேயே குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்தபின்தான் வேறொரு வால்வால் அந்த வழியை அடைத்தார்கள். அதற்குள் உலையின் உட்புறம் பெருஞ்சேதத்துக்கு ஆளாகிவிட்டது. பிற்காலத்தில் திறந்து பார்த்தபோது எரிபொருளில் ஏறக்குறையப் பாதி உருகிப்போயிருந்தது.

இந்த மனிதர்கள் படிக்காதவர்களா? அன்று. இதை விசாரிக்க ஜனாதிபதி கார்ட்டர் ஒரு குழுவை அமைத்தார். அதன் தலைவர் ஜான் கெமனி ஒரு கணிதப் பேராசிரியர். டார்ட்மத் கல்லூரியின் தலைவர். அக்குழு அவ்வாண்டு அக்டோபரில் அளித்த அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. வாத்தியார்களாகிய நாங்கள் அதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். அந்நிலையத்தின் இயக்குநர்கள் உரிமத் தேர்வுகளில் நாட்டின் சராசரியைக் காட்டிலும் அதிக மதிப்பெண் பெற்றவர்கள்! அவர்களுடைய பயிற்சியோ அரசு அன்று விதித்திருந்த அளவுகோலுக்குக் குறைவுபடவில்லை. அளவுகோலே ஆழமற்றதாக இருந்தது என்று குழு கண்டது. அவர்கள் பழகிய பாவனைக் கூடமும், அழுத்தம் இறங்கும்போதே நீர்மட்டம் ஏறும் அந்த நிலைமையைக் காட்டவல்லதாக அமைந்திருக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அவர்கள் சரியாக விடை எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

இதன் பிறகுதான் தேர்ச்சி மதிப்பெண் 1980இல் 70இலிருந்து 80ஆக உயர்ந்தது. 1987இல் திருத்தப்பட்ட விதிகள் பாவனைக் கூடத்தைத் தேர்வின் கட்டாயப் பகுதியாக்கின. வினாத்தாளிலும் வெறும் நினைவாற்றலை மட்டும் சோதிக்காமல், இரண்டு மூன்று செய்திகளை இணைத்துப் பார்த்து முடிவு கூறும் வினாக்கள் கணிசமாக இருக்கவேண்டும் என்று வகுத்தார்கள். பழைய வினாக்களின் தொகுதி இருக்கத்தான் செய்கிறது; அதிலிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் தாள் முழுவதையும் அதிலிருந்தே எடுத்துவிட இயலாது.

ஆனால் மனிதன் மனிதன்தானே! அதே தீவில், விபத்துக்குள்ளாகாத முதல் உலையை மீண்டும் இயக்குவதற்காக 1981 ஏப்ரலில் உரிமத் தேர்வு நடந்தது. உலகமே அந்தத் தீவை உற்றுநோக்கிக்கொண்டிருந்த காலம். தாள்களைத் திருத்தும்போது, பணிமுறை மேற்பார்வையாளர்களான இருவருடைய விடைகள் ஒன்றுபோல் இருக்கக் கண்டார்கள். பார்த்து எழுதியிருக்கிறார்கள்! கண்காணிப்பும் தளர்வாக இருந்தது தெரியவந்தது. முடிந்துபோன விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கென்றே ஒரு தனி விசாரணையாளரை நியமித்தார்கள். தேர்வு மறுபடியும் நடத்தப்பட்டது. வேறு பல வழக்குகளும் சேர்ந்துகொண்டதால் 1985 அக்டோபரில்தான் அந்த உலை மீண்டும் இயங்கியது. அதன்பின் 2019 வரை மின்சாரம் தந்தது.

இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்குமுன் நான் பராயிள் எனும் வாரிசுரிமைச் சட்டத் தேர்வின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருவர் மனைவியையும் இரண்டு பெண்மக்களையும் உடன்பிறந்த சகோதரர் ஒருவரையும் விட்டு மௌத்தாகிவிட்டார். சொத்தைப் பிரித்துக் காட்டுக என்பது வினா. சொத்தை 24 பங்காக வைத்தால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3, பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டாக 16, எஞ்சிய 5 சகோதரருக்கு. இரண்டு மாணவர்கள் பெண்மக்களுக்குப் பாதி என்று 12 கொடுத்து, சகோதரருக்கு 9 கொடுத்திருந்தார்கள். ஒரே பெண்ணாக இருந்தால்தான் பாதி. தவறும் ஒன்று, அதை எழுதிய வாக்கியமும் ஒன்று, அடித்துத் திருத்திய இடமும் ஒன்று. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பது எனக்குத் தெரியும். இருவரையும் அழைத்துக் கடிந்துகொண்டேன். பட்டமளிப்பு நெருங்கிவிட்டது, ஏழை வீட்டுப் பிள்ளைகள், தகப்பனார்கள் அழைப்பிதழ்கூடக் கொடுத்துவிட்டார்கள். மதிப்பெண்ணைக் குறைத்துத் தேர்ச்சி போட்டுவிட்டேன். அன்றிரவு நான் நன்றாகவே உறங்கினேன்.

ஆறேழு ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் ஒருவர் சிற்றூர் ஒன்றில் இமாமாக இருந்தார். அங்கே ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக்கு அவரே கணக்கு எழுதிக் கொடுத்தார். அங்கும் தகப்பனை இழந்த பெண்மக்கள். அங்கும் சிறிய தகப்பனார். அதே பாதி! பத்திரம் பதிவாவதற்கு முன்னர் வெளியூரிலிருந்து மய்யித்து வீட்டுக்கு வந்த மூத்த ஆலிம் ஒருவர் கண்ணில் அந்தத் தாள் பட்டது. அல்லாஹ் காப்பாற்றினான். அவர் திருத்திக் கொடுத்துவிட்டு, "யாரிடம் ஓதினீர்?" என்று கேட்டாராம். என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

தாள் திருத்துபவனின் கையிலிருப்பதும் ஓர் அமானிதம் என்பதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது யாருடைய அமானிதம் என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கவில்லை. மாணவனுடையது, அவன் தகப்பனாருடையது என்றே எண்ணியிருந்தேன். பெயர்கூட அறியாத அந்தப் பெண்மக்களை என் மேசையருகே நான் நிறுத்திப் பார்க்கவில்லை.

அமெரிக்க விதிகளில் தேர்வின் நேர்மை என்பதற்கே தனியொரு பிரிவு இருக்கிறது. தேர்வெழுதுபவரும் நிறுவனமும் அதற்குக் கேடு விளைவிக்கும் எச்செயலிலும் ஈடுபடலாகாது என்று அது கட்டளையிடுகிறது. வினாக்களை அறிந்தவர்கள் யாருக்கும் வெளியிடமாட்டோம் என்று கையொப்பமிடுகிறார்கள். பணிக்கு வருமுன் ஐந்து மணி நேரம் மது தொடக்கூடாது என்றும் விதி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றில் சிரமமிருக்காது என்று எண்ணிக்கொண்டேன்.

உரிமம் கிடைத்துவிட்டால் ஓய்வு உண்டா என்றால் அதுவும் இல்லை. ஆறு ஆண்டுகளுக்குத்தான் அது செல்லும். அதற்குள்ளும் ஆண்டுதோறும் இயக்கத் தேர்வு. இரண்டு ஆண்டுகளுக்கொரு சுழற்சியில் எழுத்துத் தேர்வு. இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை வைத்தியப் பரிசோதனை. மூன்று மாதத்துக்குள் குறித்த எண்ணிக்கையில் பணிமுறைகள் கட்டுப்பாட்டு அறையில் நிற்கவில்லையென்றால், உரிமம் கையிலிருந்தும் பயன்படாது. ஹாபிழ் வீட்டுத் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹிப்ழு முடித்துத் தலைப்பாகை கட்டிய பிள்ளை தவ்ரு ஓதாமல் விட்டால், அடுத்த ரமலானில் தராவீஹில் நிற்கும்போது என்னவாகும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நம் நாட்டிலும் கல்பாக்கமாயினும் கூடங்குளமாயினும், கட்டுப்பாட்டு அறையில் நிற்பவர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஏற்பாட்டின்கீழ் எழுத்திலும் வாய்மொழியிலும் சோதிக்கப்பட்டே உரிமம் பெறுகிறார்கள். அதுவும் காலந்தோறும் புதுப்பிக்கப்படவேண்டியதே. ஆகவே அந்தப் பெரியவரின் மகன் பொய் சொல்லித் திருமணத்தைத் தள்ளிப்போடவில்லை.

அடுத்த ஜும்ஆவில் பெரியவரைத் தேடிப் போய், பள்ளிவாசல் ஹவுளருகே உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். அணுவும் வால்வும் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கே பாதிதான் பிடிபட்டது. பெண் வீட்டாரிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். மனப்பாடம் செய்து எழுதினால் என்ன என்று மீண்டும் ஒருமுறை கேட்டார். அப்போதுதான் என் இரண்டு மாணவர்களின் கதையைச் சொன்னேன். அதை மிகக் கவனமாகக் கேட்டார். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் பிள்ளைகளுக்குப் பாகம் முழுதும் கிடைத்ததா?" என்றார்.

"பதினாறும் கிடைத்தது" என்றேன்.

"அப்படியானால் அவன் படிக்கட்டும்" என்று சொல்லி, அஸருக்கு ஒளுச் செய்ய எழுந்துபோனார்.