தமிழில் எத்தனை எழுத்து?

மகளுக்கு 12 வயது. பைத்தன் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். போன ஞாயிறு டிரெஸ்டனில் நாள் முழுக்க மழை, வீட்டுக்குள்ளேயே இருந்தோம். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டிருக்கிறாள். திரையில் 5 என்று வந்தது.

"அப்பா, த, மி, ழ் மூண்டு எழுத்து எண்டுதானே தமிழ்ப் பள்ளியில சொன்னவை? இப்ப ஆர் பிழை?"

ஒருவரும் பிழை இல்லை என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. நியாயம்தான்.

விஷயம் இதுதான். யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. 'மி' என்பது ம, இகரக் குறி என்று இரண்டு. 'ழ்' என்பது ழ, புள்ளி என்று இரண்டு. 'த'வைச் சேர்த்தால் 5. பைத்தன் எண்ணுவது இந்தத் துண்டுகளை. ஆப்பிளின் ஸ்விப்ட் மொழியில் கேட்டுப் பாருங்கள், 3 என்று சொல்லும். அது துண்டுகளைக் கூட்டி எழுத்தாக எண்ணுகிறது.

ஏன் இப்படி? 1991இல் வந்த யூனிகோட், இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. கனடாவின் ஒஜிப்வே மக்களின் அசையெழுத்துக்கு வேறு வழி கிடைத்தது. அதில் ஒரே முக்கோணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தால் பே, பி, போ, பா என்று ஒலி மாறும். 1999இல் யூனிகோட் 3.0 அந்த ஒவ்வொரு அசைக்கும் தனி இடம் கொடுத்தது. நமக்கும் அப்படி வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற முறையையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம். ஆனால் நம்முடைய கைபேசிகள் பேசுவது யூனிகோடைத்தான். ஒருமுறை கொடுத்த இடத்தை யூனிகோட் மாற்றுவதும் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள், "அப்ப அப்பப்பாவின்ட சீடி?" என்றாள்.

அப்பப்பா 2002இல் தன் ஊர்க்கதையை பாமினி எழுத்துருவில் தட்டி வைத்தார். இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி செய்தது, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தது. 'தமிழ்' என்று தெரிவதற்கு உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாவிட்டால் அது தமிழே இல்லை. தேடினாலும் அகப்படாது.

அன்று பின்னேரமே மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம். மகள் சத்தமாக வாசித்தாள். ஓரிடத்தில் நின்றாள். 'நெல்லியடி' என்ற ஊர்ப்பெயரில் கொம்பு தனியாக நின்றது. பாமினியில் கொம்பை முதலில் தட்டுவோம், யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். அப்பப்பா கொம்புக்கும் 'ந'வுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருந்தார், மாற்றி தடுமாறிவிட்டது. அவளே திருத்தினாள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு சீடி இருக்கலாம். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். எழுத்துருவையும் கூடவே வைத்திருங்கள். மாற்றிய பிறகு கொம்பு, கால் உள்ள சொற்களைக் கவனித்துப் பாருங்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே வாசித்துச் சரிபார்த்துவிடுங்கள். எங்கள் கோப்பில் இரண்டு பெயர்கள் இன்னும் விளங்கவில்லை. கேட்க அப்பப்பா இல்லை.