வாடகைப் படமும் சொந்தப் படமும்

“எல்லாம்தான் ஓடிடியில் கிடைக்கிறதே, இன்னும் எதற்கு சார் டிஸ்க்?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ‘தி டார்க் நைட்’ படத்தை ஒருமுறை ப்ளூ-ரேயில் பாருங்கள்.

2008-இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த இந்த பேட்மேன் படத்தில் சுமார் 28 நிமிடக் காட்சிகள் ஐமேக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டவை. வங்கிக் கொள்ளையோடு படம் தொடங்கும்போது டிவி திரை முழுக்க நிறைந்திருக்கும். சாதாரணக் காட்சிகளில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ஹாங்காங்கில் கட்டட உச்சியில் பேட்மேன் நிற்கும்போது பட்டைகள் மறைந்து திரை மறுபடி விரியும். வயிற்றைக் கலக்கும் உயரம்!

ப்ளூ-ரே டிஸ்க் ஒன்றில் 50 ஜிபி வரை கொள்ளும். இணையத்தில் வரும் படத்தைப் பொதுவாக இன்னும் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். இது இருட்டிலேயே நடக்கும் கதை. அதிகம் சுருக்கினால் நிழலெல்லாம் திட்டுத்திட்டாகிவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உரிமம் முடிந்தால் ஓடிடியிலிருந்து படம் போய்விடும். நம்மை யாரும் கேட்பதில்லை. மாதாமாதம் நாம் கட்டுவது வாடகை. பென்ஷன்காரனுக்கு வாடகைக்கும் சொந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தரவா வேண்டும்? மறைவுக்குப் பின் ஹீத் லெட்ஜருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ஜோக்கர், என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறார்.

டிஸ்க் விலை அதிகம்தான். எல்லாப் படத்தையும் வாங்கச் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும் பத்துப் படங்களையாவது சொந்தமாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் எவை?