கத்திரி வெயிலும் காலித் திண்ணையும்

குஜிலியம்பாறைப் பேருந்து நிறுத்தத்தில், கோடைக்காலத்துப் பட்டப்பகல் ஒரு மணிக்கு நின்றதுண்டா நீங்கள்? தார்ச்சாலை தகிக்கும், கரட்டுப் பாறை கொதிக்கும், கரூர்ப் பக்கமிருந்து வீசும் காற்று அனலை அள்ளி வந்து முகத்திலே அறையும். அந்த வேளையில்தான் கண்டேன் ஒரு தண்ணீர்ப் பந்தலை. கீற்றுக் கொட்டகை, வாழைமரம், தோரணம், தலைவர்களின் படங்கள்! திறப்பு விழா நாளன்று நீர்மோர் உண்டு, தர்ப்பூசணி உண்டு, வெள்ளரிப் பிஞ்சு உண்டு, படம் பிடிப்பவரும் உண்டு. நான் போனதோ நாலாம் நாள். பந்தல் இருந்தது; பானை இருந்தது; பானையிலே தண்ணீர்தான் இல்லை!

எந்தக் கட்சியின் பந்தல் என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சிப் பந்தலுக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு, நம்முடையதற்கும் நேர்ந்ததுண்டு. ஊரைத் திருத்தப் புறப்பட்டவர்கள் முதலில் பானையை நிரப்பட்டும் என்று எவரேனும் சொன்னால், அவர்மீது கோபம் கொள்ள நமக்கு உரிமை இல்லை.

சரி, பானை நிரம்பியே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். குறை தீர்ந்ததா? இல்லை. பந்தலைத் தாண்டிச் சற்றுத் தொலைவு நடந்தேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. உள்ளே, சுவரோரம் சுருண்டு கிடந்தார் ஒரு மூதாட்டி. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மகள் கட்டிக்கொடுத்த ஊரில். வீட்டில் துணைக்கு ஓர் ஆட்டுக்குட்டி.

"ஆத்தா, தண்ணி குடிச்சீங்களா?" என்றேன்.

"காலையில ஒரு சொம்பு குடிச்சேன் சாமி. தாகமே எடுக்கலையே!"

"தாகம் எடுக்காட்டியும் குடிக்கணும் ஆத்தா."

"குடிச்சா எந்திரிச்சு வெளிய போகணுமே. முட்டி வலிக்குது, தரை சுடுது. ஆரு புடிச்சுக் கூட்டிட்டுப் போறது?"

ஆரு? அந்த ஒற்றைச் சொல்லுக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன். பந்தல், நடந்து வரக் கூடியவருக்கு. பஸ் ஏறி இறங்குபவருக்கு. நம்மைப் போன்ற காளைகளுக்கு! நடக்க முடியாதவரை நாடிப் பந்தல் போகுமா? போகாது. பானைதான் போகவேண்டும்; பானையைத் தூக்கிக்கொண்டு நாம்தான் போகவேண்டும்.

'தாகமே எடுக்கலையே' என்று அந்த ஆத்தா சொன்னது பொய்யல்ல. தாகம் என்பது உடல் அடிக்கும் மணி. வயது ஏற ஏற அந்த மணியின் ஓசை மங்கிவிடும். உடலிலே நீர் வற்றியிருக்கும். நாவோ வறட்சியைச் சொல்லாது. வியர்வை சுரந்து உடலைக் குளிரவைக்கும் ஆற்றலும் முதுமையிலே குறையும். போதாக்குறைக்கு, இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில, உடலிலுள்ள நீரைப் பிரிப்பவை. இருபத்தைந்து வயது ஆலைத் தொழிலாளியை வெயில் வாட்டும்; எழுபத்தைந்து வயது மூதாட்டியை, வாட்டுவதாகக் காட்டிக்கொள்ளாமலே வீழ்த்தும்!

"கத்திரி பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள் சிலர். பஞ்சாங்கம், மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம் என்று கோடு கிழிக்கிறது. சூரியன் பஞ்சாங்கம் படித்துவிட்டா உதிக்கிறான்? 2024-ஆம் ஆண்டில் கத்திரி பிறக்கும் முன்பே, ஏப்ரல் திங்களிலேயே, சேலம், ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய இடங்களில் வெப்பமானி 40 பாகையைத் தாண்டிற்று. நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் கரூர்! ஆகவே, மார்ச்சிலேயே விழித்துக்கொள்ள வேண்டும் நாம்.

வீட்டிலே செய்யவேண்டியது என்ன? பெரும் செலவு இல்லை, தோழர்களே. பகல் 11 மணி முதல் மாலை 4 மணி வரை முதியவரை வெயிலில் விடாதீர்கள். ரேஷன் கடையானாலும், காடு கழனியானாலும், ஆடு மேய்ப்பதானாலும், விடியலில் போகட்டும், இல்லையேல் சாய்ந்த பொழுதில் போகட்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், மணிக்கொரு முறை அரை டம்ளர் தண்ணீர். கம்பங்கூழ் நம் மண்ணின் உணவு. நீராகாரம், நீர்மோர், இளநீர் நம் முன்னோர் கண்ட மருந்து. வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டால், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும். கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ உள்ளவர், எவ்வளவு நீர் பருகலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவேண்டாம்.

கூரை? தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வீட்டுக்குள்ளே அனலாய்க் கக்கும். மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள். தளமானால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். ஈரத்துணியால் கழுத்தும் கையும் துடைத்துவிட்டு விசிறினால், வெறும் விசிறிக் காற்றைவிடக் குளுமை கூடும். இன்னொன்றும் சொல்வேன், ஆலைத் தோழர்கள் கோபிக்கக் கூடாது. வெயிலுக்கு இதம் என்று பீர்ப் புட்டியை நாடாதீர்கள். பெரியவருக்கும் வாங்கித் தராதீர்கள். மது, உடலின் நீரை வற்றவைக்குமே தவிர வளர்க்காது.

பேச்சுக் குழறுகிறதா? எதிரே நிற்பவர் யாரென்று தெரியாமல் திகைக்கிறாரா? உடல் நெருப்பாய்ச் சுடுகிறதா? அது மயக்கம் அல்ல, உயிர் குடிக்கும் வெப்ப அதிர்ச்சி! வியர்க்கவில்லை என்பதாலோ, வியர்க்கிறது என்பதாலோ ஏமாந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, ஓயாமல் விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழலில் போய்விடும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டோம். தெரிந்தால் போதுமா? செய்வதற்கு வீட்டிலே ஆள் வேண்டாமா? இங்கேதான் இருக்கிறது உண்மையான இடர்.

அமெரிக்க நாட்டிலே சிகாகோ என்றொரு மாநகர். விண்ணைத் தொடும் மாளிகைகள், செல்வம் கொழிக்கும் வீதிகள். 1995 ஜூலையில் அந்நகரை வெப்ப அலை தாக்கிற்று. ஒரே வாரத்தில் 700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்! பிணவறையில் இடமின்றி, குளிர்பதன லாரிகளில் உடல்களை அடுக்கினர். மாண்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் தன்னந்தனியே, பூட்டிய கதவுக்குள்ளே!

எரிக் கிளைனென்பர்க் என்னும் சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்து 2002-இல் நூலாக்கினார். அந்நகரில் அடுத்தடுத்து இரண்டு பகுதிகள்: வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள், இரண்டையும் சுட்டது ஒரே வெயில். ஆனால் வடக்கே இலட்சம் பேருக்கு 40 பேர் மாண்டனர். தெற்கே 4 பேர்கூட இல்லை. ஏன் இந்தப் பேதம்? வடக்கிலே கடைகள் மூடிக்கிடந்தன, வீதி வெறிச்சோடிற்று, அச்சம் கதவைத் தாழிட்டது. தெற்கிலோ கடைவீதி கலகலத்தது, கிழவரும் கிழவியும் வெளியே வந்தனர், பேசினர், குளிர்ந்த கடையிலே சற்று நின்றனர், காணாவிட்டால் 'எங்கே?' என்று கேட்க ஆள் இருந்தது. வெயில் பாதி கொன்றது; தனிமை மீதி கொன்றது!

பிரான்சு நாட்டில் 2003 ஆகஸ்டில் ஏறத்தாழ 15,000 பேர் வெயிலுக்குப் பலியாயினர். அங்கும் முதியவர்களே பெரும்பான்மை. குடும்பங்கள் விடுமுறைக்குப் போயிருந்த காலம். நாடே நாணிற்று. 2004-இல் சட்டம் வந்தது: ஆண்டில் ஒரு நாள் கூடுதல் ஊதியமின்றி உழைப்பது, அதன்வழித் திரளும் பணம் முதியோர், ஊனமுற்றோர் நலனுக்கு! தனித்திருக்கும் முதியவர்களில் விரும்புவோரின் பெயரைப் பதிந்து, வெப்பநாளில் விசாரிக்கும் பொறுப்பு ஊராட்சித் தலைவர்களிடம் வந்தது.

நமக்குத் திண்ணை இருந்தது என்பீர்கள். இருந்தது. ஆனால் எல்லோருக்குமா இருந்தது? சாவடியிலும் திண்ணையிலும் உட்காரவிடாமல் ஒரு பகுதி மக்களை வெளியே நிறுத்திய ஊர்கள் அல்லவா இவை! அந்தப் பழைய திண்ணை வேண்டாம் நமக்கு. இன்றோ அந்தத் திண்ணையும் இல்லை. இடித்துக் கடை கட்டினோம், கம்பிக் கதவு போட்டோம். எல்லோரும் சமமாக உட்காரும் புதுத் திண்ணை வேண்டும் நமக்கு.

எங்கே அது? மே திங்களில் அரசுப் பள்ளிகள் விடுமுறையில் பூட்டிக்கிடக்கின்றன. கட்டடம் உண்டு, மரநிழல் உண்டு, மின்விசிறி உண்டு, கழிப்பிடமும் உண்டு. அதிகாரிகளின் இசைவு பெற்று, காலை 10 முதல் மாலை 5 வரை ஓர் அறையை முதியோருக்குத் திறந்துவிட்டால் என்ன? பள்ளி கிடைக்காத ஊரில் சமுதாயக் கூடம்; அதுவும் இல்லையேல் நம் படிப்பகம்! காலையில் ஏடு படித்துக் காட்ட ஒரு மாணவன். பிறகு தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம். நாற்று நடவுப் பாட்டும் கும்மிப் பாட்டும் அறிந்த ஆத்தாக்களைப் பாடச் சொல்லி, பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். எந்தக் கிணறு எந்த ஆண்டு வற்றியது, எந்தப் பஞ்சத்தில் எதைத் தின்றார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்ல, இளைஞர்கள் எழுதட்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். மாத்திரை கொண்டு வரும் சகோதரியை அங்கேயே வரச்சொன்னால், இரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம். சிரிப்புக்குச் சிரிப்பு, காற்றுக்குக் காற்று, காவலுக்குக் காவல்!

அரசின் கடமையையும் மறவோம். 1962-இல் திங்களுக்கு 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2011-இல் 1,000 ஆகி, 2023-இல் 1,200 ஆயிற்று. நடுவண் அரசின் பங்கோ, 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு வெறும் 200 ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேலாக அதே 200! விலைவாசி ஏறலாம், வெப்பம் ஏறலாம், அந்த இருநூறு மட்டும் ஏறக்கூடாதாம்!

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெயிலால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்றது. வரவேற்போம். ஆனால் தகரக் கூரையின் கீழே ஒரு கிழவி மாண்டால் ஊர் என்ன சொல்கிறது? "வயசான கட்டை, போய்ச் சேர்ந்துச்சு" என்கிறது. வெயில் என்று எவரும் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. எழுதாத சாவுக்கு உதவி ஏது? அகமதாபாத்தில் 2010 மே திங்களில் வெயில் 46.8 பாகையைத் தொட்டது. வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக மாண்டனர் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள்; 1,344 என்று தெரிந்தது. 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் தீட்டினார்கள். ஆகவே கேட்போம்: நம் வட்டாரத்திலும் கோடைச் சாவுகளைக் கணக்கிடுங்கள், சாவின் காரணத்தைச் சரியாகப் பதியுங்கள்.

"ஷிப்டு முடிந்து வருகிறவன் நான், எனக்கேது நேரம்?" என்பார் ஆலைத் தோழர். நாள் முழுவதும் கேட்கவில்லை, தோழரே. கால் மணி நேரம் போதும். தெருவுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள்: தனித்திருக்கும் பெரியவர் யார், எந்த வீடு, பிள்ளையின் கைப்பேசி எண் என்ன. பத்து வீட்டுக்கு இருவர் பொறுப்பு. பகல் ஷிப்டுக்காரர் மாலையில் போகட்டும், இரவு ஷிப்டுக்காரர் நண்பகலில் போகட்டும். திருப்பூரில் இருக்கும் மகனே, உனக்கும் சொல்கிறேன்: மதியம் இரண்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிடு. "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாதே, "தண்ணி குடிச்சியா? எத்தனை தடவை?" என்று கேள். துணையற்ற முதியவருக்கு 14567 என்ற உதவி எண் உண்டு. அதையும் எழுதிச் சுவரில் ஒட்டு.

வெப்பத்தைக் குறைக்க இன்றே நம்மால் ஆகாது. தனிமையைக் குறைக்க இன்றே ஆகும். பந்தல் திறப்பதற்கு மாலை வேண்டும், மேடை வேண்டும், தலைவர் வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரோடு ஒரு கதவைத் தட்டுவதற்கு எதுவும் வேண்டாம்.

"ஆரு புடிச்சுக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார் அந்த ஆத்தா. அடுத்த முறை நான் போகும்போது, "நம்ம தெருப் பசங்கதான்" என்று அவரே விடை சொல்லவேண்டும். பட்டியலை இன்று மாலையே எழுதத் தொடங்குங்கள், தோழர்களே!