விதைக்கிறவர் கையில் நிலம் இருக்கட்டும்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து மாண்புமிகு வேளாண் அமைச்சர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் பிறந்து சஸ்கடூனில் குடியேறியவன் நான். எங்கள் வீட்டில் பருப்புக் கறி இல்லாத நாள் அரிது. கொழும்புக் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று நிறுத்து விற்பதில் கணிசமான பங்கு இந்த மாகாணத்து மண்ணில் விளைந்தது. அதை விளைவிக்கும் குடும்பங்களுக்காகவே இந்த மடல்.

ரோஸ்டவுன் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் பயிர்செய்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் அறுபது கடந்துவிட்டது. மே மாதம் விதைப்பு தொடங்கினால் இரவுச் சாப்பாடு வயலுக்கே வரும். பருப்புச் செடி குட்டையானது. காய்கள் தரையை ஒட்டித் தொங்கும். அதனால் விதைத்த கையோடு கனத்த உருளையை ஓட்டி நிலத்தைச் சமன்படுத்துகிறார்கள், கற்களைப் பொறுக்குகிறார்கள். ஒரு கல் அறுவடை இயந்திரத்துக்குள் போனால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். ஆகஸ்ட்டில் காய் முற்றும் நேரத்தில் ஆலங்கட்டி மழை வரலாம், செப்டம்பரில் உறைபனி முந்திக்கொள்ளலாம். குளிர்காலத்திலும் ஓய்வில்லை. மைனஸ் முப்பது பாகைக் குளிரில் தானியத்தை லாரியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த லாரியைப் பல நாள் ஓட்டுவது அந்த அம்மாதான். பண்ணையின் கணக்கு முழுவதும் அவர் கையில்.

வேரழுகல் நோய் கண்ட வயலில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை பருப்போ பட்டாணியோ போடக் கூடாது என்பது இங்குள்ள வேளாண் வல்லுநர்களின் அறிவுரை. பருப்பு விலை எவ்வளவு ஏறினாலும் இவர்கள் அதை மீறுவதில்லை. கோதுமை, கனோலா எண்ணெய்வித்து என்று மாற்றிப் போட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். 1930களின் வறட்சியில் இந்தச் சமவெளியின் மேல்மண் புழுதியாகப் பறந்தது. அந்தப் பாடத்தைக் கற்ற குடும்பங்கள் பின்னாளில் உழவையே கைவிட்டு, அறுத்த தாளுக்கு நடுவே நேரடியாக விதைக்கப் பழகின. 2021இல் கடும் வறட்சி வந்து பயிர் கருகியபோதும் மண் அன்றுபோல் பறக்கவில்லை என்றால், அது இவர்களுடைய உழைப்பு.

இவர்களைத் தாங்கிய பலவும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. விவசாயிகளே 1924இல் கட்டிய கோதுமைக் கூட்டுறவு இன்று பன்னாட்டு நிறுவனத்துக்குள் கரைந்துவிட்டது. கனடா கோதுமை வாரியத்தின் தனி விற்பனை உரிமை 2012இல் முடிந்தது. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளைப் பண்ணைகளுக்கு வழங்கிய இண்டியன் ஹெட் ஊர் நாற்றங்காலை 2013இல் மத்திய அரசு கைவிட்டது. வெளிநாட்டுச் சந்தைகளும் கைகொடுக்கவில்லை: 2017 டிசம்பரில் இந்தியா பருப்புக்கு 30 சதவீத வரி போட்டது. 2025இல் சீனா பட்டாணிக்கும் கனோலா எண்ணெய்க்கும் 100 சதவீத வரி போட்டது. இவற்றில் எதுவும் நேரடியாக உங்கள் அதிகாரத்தில் இல்லை. ஆனால் நிலம் இருக்கிறது.

கனடாவின் 1872ஆம் ஆண்டு நிலச் சட்டம் குடியேறியவர்களுக்குப் பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. அங்கேயே குடியிருந்து பயிர்செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. (அந்த நிலம் கிரீ உள்ளிட்ட முதற்குடிகளுடையது, அவர்களுக்கு அளித்த ஒப்பந்த வாக்குறுதிகள் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.) 1936இல் இந்த மாகாணத்தில் ஏறத்தாழ 1,42,000 பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,128. இயந்திரங்கள் பெருகியதும் இதற்கு ஒரு காரணம்; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளைநில விலையைப் பாருங்கள். மத்திய அரசின் பண்ணைக் கடன் நிறுவனத்தின் கணக்குப்படி அது இங்கே 2022இல் 14.2 சதவீதமும், 2023இல் 15.7 சதவீதமும், 2024இல் 13.1 சதவீதமும் உயர்ந்தது. விளைச்சலின் விலை அப்படி உயரவில்லை.

நான் சொன்ன குடும்பத்தின் மகள் வேளாண்மை படித்தவர், பண்ணையை ஏற்க விரும்புகிறார். பக்கத்து நிலம் விற்பனைக்கு வந்தபோது வெளியூர் முதலீட்டாளர் ஒருவர் கேட்ட விலைக்கு இவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. இப்போது அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்கிறார்கள். குத்தகை மூன்று ஆண்டுக்கு. எட்டு ஆண்டு பொறுக்க வேண்டிய மண்ணை, மூன்று ஆண்டில் வெளியேற வேண்டியவர் எப்படிப் பேணுவார்?

உங்கள் அரசால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. கனடா ஓய்வூதியத் திட்ட முதலீட்டு வாரியம் 2013இல் இங்கே ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல் வாங்கியது. மக்கள் எதிர்த்தார்கள். ஓய்வூதிய நிதிகள் இனி விளைநிலம் வாங்க முடியாதபடி மாகாண அரசு சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டவருக்கும் பத்து ஏக்கர்தான் வரம்பு. ஆனால் கனடாவின் எந்த நகரத்தில் இருந்தாலும், பணமுள்ள கனடியர் எத்தனை ஆயிரம் ஏக்கரையும் வாங்கலாம்.

இங்கே குடியிருக்காமலும் பயிர்செய்யாமலும் நிலம் வாங்குபவர்களுக்கு, எத்தனை ஏக்கர் வாங்கலாம் என்று ஒரு வரம்பு வையுங்கள். நிறுவனப் பெயர்களுக்குப் பின்னால் உண்மையான உரிமையாளர் யார் என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருக்கட்டும். மாகாணம் தன் சொந்த விளைநிலத்தை விற்கும்போது, புதிதாகப் பண்ணை தொடங்கும் உள்ளூர் இளைஞர்களுக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள். கனடாவில் பண்ணை நடத்துபவர்களின் சராசரி வயது 2021இலேயே 56. தாமதிக்காமல், அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே இந்தத் திருத்தங்களைக் கொண்டுவர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சஸ்கடூனில் வாழும் ஒரு தமிழ்க் குடிமகன்