வீட்ல யாருக்காவது இருக்கா?

"குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருக்கா?" இந்தக் கேள்வியை நம்ம ஊரில் இரண்டு பேர் கேட்பார்கள். ஒருவர் சம்பந்தம் பேச வருபவர். இன்னொருவர் மனநல மருத்துவர். முதல் ஆளிடம் "அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வீடுகள், இரண்டாவது ஆளிடமும் அதையே சொல்லிவிடுகின்றன. முதல் பொய்யைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம். இரண்டாவது பொய்க்கான விலையைக் கொடுப்பது பெரும்பாலும் நம்ம வயசுக்காரங்கதான்.

சரி, பரம்பரையா வருமா? வரும். ஆனா நாம நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு மரபணு கெட்டுப்போய், அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்குகிற கதை இது இல்லை. மனச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். 2022ல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. அதில் பல, இந்தக் கட்டுரையைப் படிக்கிற எல்லோரிடமுமே இருக்கும்.

எண்ணிக்கையாகப் பார்த்தால், பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சிதைவு வரலாம். அம்மா அல்லது அப்பாவுக்கு இருந்தால் அது கிட்டத்தட்ட 10 பேரில் ஒருவர் என்று ஆகிறது. பத்து மடங்கு என்றதும் பகீர்னு இருக்கும். ஆனால் அதே கணக்கில் மீதி 9 பேருக்கு அந்த நோய் வருவதில்லை. மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரட்டையர்களிலேயே, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு அதிகபட்சம் பாதி. இன்னொரு பக்கம், மனச்சிதைவு வந்தவர்களில் பெரும்பாலோரின் அப்பா, அம்மா இருவருக்குமே அந்த நோய் இருந்ததில்லை.

"மனச்சிதைவு 80 சதவீதம் பரம்பரை நோய்" என்று ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். இன்ஜினியரிங் படிக்கிற நாமளே இதைத் தப்பாகப் படிக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். அது ஒரு தனி ஆளுக்கு நோய் வரும் வாய்ப்பு இல்லை. ஒரு பெரிய கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதற்கான கணக்கு. செமஸ்டரில் படித்த வேரியன்ஸ்தான், வேறொன்றுமில்லை.

எப்போ வரும் என்பதுதான் நமக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி. 192 ஆய்வுகளை, 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2022ல் வெளியானது. மனநோய் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 18 வயதுக்குள்ளும், 60 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு 25 வயதுக்குள்ளும் அது தொடங்கியிருந்தது. மனச்சிதைவு ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் முதல் பாதியிலோ வருகிறது. பெண்களுக்குச் சில வருடங்கள் தள்ளி. அதாவது ஹாஸ்டல் வயசு. வீட்டை விட்டு முதல்முறையாக வெளியே வந்து, விடிய விடிய முழிச்சிருந்து, சில பேர் கஞ்சாவைத் தொட்டுப் பார்க்கிற வயசும் இதுதான். குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருக்கிறவனுக்குக் கஞ்சா வெறும் ஜாலி இல்லை. பைபோலார் எனப்படும் இருதுருவ நோய் உள்ளவர்களுக்குத் தொடர்ந்து தூக்கம் கெடுவதே அடுத்த எழுச்சியைக் கிளப்பிவிடலாம்.

அது வரும்போது போர்டு மாட்டிக்கொண்டு வருவதில்லை. கிளாஸுக்கு வரமாட்டான். குளிக்கமாட்டான். ரூம் கதவு சாத்தியே இருக்கும். எல்லாரும் தன்னைப் பத்தியே பேசுறதா சொல்லுவான். ஹாஸ்டலில் நாம போடுகிற பெயர் "லவ் ஃபெயிலியர்" அல்லது "அரியர் டென்ஷன்". ஊரில் "யாரோ செய்வினை வச்சுட்டாங்க". மாதக்கணக்கு இப்படியே ஓடிவிடும். சிகிச்சை தள்ளிப்போகப் போக, மீண்டு வருவதும் கஷ்டமாகும்.

அந்த வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே இருந்தது என்று தெரிந்திருந்தால் இந்த மாதங்களில் கொஞ்சமாவது மிச்சமாகும். இருதுருவ நோய் பல பேருக்கு முதலில் வெறும் மனச்சோர்வாகத்தான் முகம் காட்டும். அதைச் சாதாரண மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது எதிர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிடும். தூக்கமே இல்லாத, பேச்சு நிற்காத எழுச்சி நிலைக்குப் போய்விடுவார்கள். "சித்தப்பாவுக்கு இருந்துச்சு டாக்டர்" என்ற ஒரு வாக்கியம் இருந்தால் மருத்துவர் வேறு மாதிரி யோசிப்பார். லித்தியம் என்ற மருந்து ஒருவருக்கு நன்றாகக் கேட்டிருந்தால், அதே நோய் வந்த அவருடைய ரத்த உறவுக்கும் கேட்கும் வாய்ப்பு அதிகம். சித்தப்பாவின் பழைய மருந்துச் சீட்டுக்குக்கூட மதிப்பு இருக்கு பாருங்க.

"தெரிஞ்சா பிள்ளை பயந்துடுவான், லேசா மனசு சரியில்லைன்னாகூட நமக்கும் வந்துடுச்சோன்னு நினைப்பான்" என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனால் பிள்ளைக்கு ஏற்கெனவே பாதி தெரியும். பெரியப்பா ஏன் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை, பாட்டி பேச்சு வந்தால் ஏன் எல்லோரும் டிவி பக்கம் திரும்புகிறார்கள் என்று கவனிக்காத குழந்தை கிடையாது. மீதிப் பாதி, வீட்டில் சண்டை வரும்போது காதில் விழும். "உங்க வம்சமே அப்படித்தானே." மருத்துவரிடம் சொல்ல வாய் வராத பரம்பரை, புருஷன் பெண்டாட்டி சண்டையில் மட்டும் சரளமாக வருகிறது. இந்த அரைகுறைத் தகவலோடு ராத்திரி இரண்டு மணிக்குக் கூகுளில் தேடுவதைவிட, விஷயத்தை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயத்தைக் குறைக்கும் என்றே நினைக்கிறேன்.

அதனால் இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் கேளுங்கள். அப்பா அம்மா மழுப்பினால் அத்தையிடமோ பாட்டியிடமோ போங்கள், அவர்களுக்குத்தான் முழுக் கதையும் தெரியும். யாருக்கு இருந்தது, எந்த வயசில் ஆரம்பித்தது, எந்த மருந்து கேட்டது, யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா. அதே நோய்தான் உங்களுக்கும் வரும் என்று இல்லை. அப்பாவுக்கு மனச்சிதைவு என்றால் பிள்ளைக்கு இருதுருவ நோயின் வாய்ப்பும் சற்றுக் கூடும். அதனால் பெயர் தெரியாவிட்டாலும் நடந்ததைக் கேட்டு வையுங்கள். நடுவில் உங்களுக்கோ ரூம்மேட்டுக்கோ ஏதோ சரியில்லை என்று பட்டால் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அங்கேயும் அந்தக் கேள்வி வரலாம்.