கழுவிக் கொடுத்தார்கள்

பிலிம் கழுவுகிறவர்களிடம் நமக்கு ஒரு குருட்டு நம்பிக்கை. ரோலைக் கொடுத்தால் படம் வரும். வராவிட்டால் எடுத்தவன் கை சரியில்லை. இந்தப் பழியை நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுமந்தாயிற்று. இனி உரியவர்களிடம் இறக்கிவிட உத்தேசம்.

1999, தை மாதம். எங்கள் களத்தில் சம்பா அறுவடை. நெற்குவியலுக்குப் பக்கத்தில் தாத்தாவை நிறுத்திக் கறுப்பு வெள்ளையில் 36 படம் எடுத்தேன். தஞ்சாவூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கலர் லேபில் கொடுத்தேன். பையன் ரோலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, சீட்டுக் கிழித்தான். மறுநாள் கண்ணாடி மாதிரி வெறும் சுருள் வந்தது. "ஒண்ணும் விழலை ஸார், கேமிராவை ரிப்பேருக்குக் காட்டுங்க" என்றான். காட்டினேன். கோளாறு ஒன்றுமில்லை. சித்திரையில் தாத்தா போய்விட்டார்.

பிற்பாடு கும்பகோணத்தில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரர் அந்தச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தார். "ஓரத்திலே நம்பர் எங்கே தம்பி?" என்றார். பிலிமின் ஓரத்து எழுத்தும் எண்ணும் கம்பெனியிலேயே பதிந்து வருபவை. கேமிரா கெட்டிருந்தாலும் அவை தெரிய வேண்டும். அவையும் இல்லை. அப்படியானால் படம் விழாமல் போகவில்லை, விழுந்ததை அழித்திருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் என்பதே வெள்ளிதான். கலர் பிலிமில் சாயம் ஏறியபின் வெள்ளிக்கு வேலையில்லை. ஆகவே கலர்க் கரைசல் அதை அடியோடு கரைத்துவிடும். என் ரோலை அதில் போட்டது, விதைநெல்லை வாங்கி அவித்துக் கொடுத்த காரியம்.

"பையனுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். தெரியாதது குற்றமல்ல, வாங்கிக்கொண்டதுதான் குற்றம். ரைஸ் மில்லில்கூட மூட்டையை இறக்குமுன் புழுங்கலா, பச்சையா என்று கேட்கிறார்கள். கலர்க் கரைசலுக்கென்றே செய்த கறுப்பு வெள்ளைப் பிலிமும் உண்டு. அதன் மேல் சி-41 என்று அச்சடித்திருக்கும். படித்துப் பார்க்க எத்தனை நேரமாகும்? "இது எங்களுக்கு வராது" என்று சொல்ல எத்தனை ரூபாய் செலவாகும்?

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற பட்டாளத்து அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அதுவும் வெள்ளிதான், அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தாங்குகிற வெள்ளி, ஒரு கலர் லேபில் கால் மணி நேரம் தாங்கவில்லை.

இப்போது இளைஞர்கள் மறுபடியும் கறுப்பு வெள்ளை ரோல் வாங்குகிறார்கள். ரோலை நீட்டுமுன் "எதில் கழுவுவீர்கள்?" என்று கேளுங்கள். பதிலுக்குத் திணறுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

தாத்தாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. என் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் ஒன்றும் இல்லை.