கற்ற கைக்குக் கணக்கில்லையா?

கல்லூரிக்கு முதல்வராக இருக்கலாம்; அதே கல்லூரியிலே மாணவராகச் சேர மட்டும் தகுதி கிடையாது! கேலிக்கதை போலத் தோன்றும். கதையல்ல தோழர்களே, நமது கோவையிலே நடந்தது.

கலங்கல் சிற்றூரிலே 1893இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. தொடக்கப்பள்ளியோடு படிப்பு முடிந்தது. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்து, பூட்டிப் பார்த்து, பொறியியலைத் தாமே கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1937இல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையிலே தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தபோது, அதன் முதல்வர் நாற்காலியிலே அமர்ந்தவர் அவரே! நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்றார். ஆட்சியாளர் ஏற்கவில்லை, அவர் வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

அவர் கூறிய ஆண்டுக் கணக்கு சரியா, தவறா என்பதல்ல நம் வழக்கு. பட்டமற்ற ஒருவரின் பட்டறிவு ஒரு கல்லூரியையே நடத்தத் தக்கது என்று 1945இலேயே ஒப்புக்கொண்ட ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலே இன்று ஆவாரம்பாளையத்துப் பட்டறைத் தொழிலாளியின் பட்டறிவு, பட்டப்படிப்பின் கணக்கேட்டிலே எத்தனை புள்ளி பெறும்? இதுதான் நம் கேள்வி.

கணபதிப் பக்கம் ஒரு வார்ப்படச் சாலைக்குச் சென்று பாருங்கள். அச்சு மண்ணை ஒருவர் அள்ளுகிறார், பிடிக்கிறார், உடைக்கிறார். உடைந்த விதத்தைக் கண்டதும் ஈரம் மிகுதி என்கிறார். அந்த மண்ணிலே அப்படியே இரும்பை வார்த்திருந்தால் நீர் ஆவியாகி, வார்ப்பிலே காற்றுக் குழி விழுந்திருக்கும். பம்பின் உடல் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். உலையிலிருந்து இன்னொருவர் ஆப்பு வடிவச் சிறு துண்டொன்றை வார்க்கிறார், ஆறியதும் உடைக்கிறார். முறிந்த முகத்திலே வெண்மை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து, உருகிய இரும்பிலே கார்பனும் சிலிக்கனும் எந்த நிலையில் உள்ளன என்று கணிக்கிறார். உலோகவியல் நூலிலே இதற்குத் தனிப் பகுதியே உண்டு. அதைப் படித்துத் தாளிலே எழுதுகிற மாணவனுக்கு மதிப்பெண் உண்டு. உலை வெக்கையிலே நின்று நாள்தோறும் அதைச் செய்கிறவருக்கு? வாரச் சம்பளம் உண்டு, வேறொன்றும் இல்லை!

ஒரே அறிவு! ஏட்டிலே இருந்தால் கல்வி. கையிலே இருந்தால் கூலி. மூளையால் உழைப்பவன் மேல், கையால் உழைப்பவன் கீழ் என்று வகுத்த பழைய வருணக் கோடு, சாத்திரத்திலிருந்து எழுந்து வந்து பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலே அமர்ந்துகொண்டதோ என்று ஐயுறுகிறோம்.

தொழிற்கூடத்திலே கற்பது கல்வியாகாது என்று கல்லூரிகளே கூறுவதில்லை. பீளமேட்டிலே 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தோன்றியது. அதன் தொழிற்கூடத்தை அடுத்து 1951இல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அங்கே ‘சாண்ட்விச்’ படிப்பு என்று ஐந்தாண்டுப் பொறியியல் படிப்பு உண்டு. வகுப்பும் தொழிற்கூடமும் மாறி மாறி வரும். நல்ல முறை, பாராட்டுகிறோம். கடல் கடந்த நாட்டிலும் இது புதிதல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்திலே ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் 27 மாணவர்களைக் கொண்டு இத்தகைய முறையைத் தொடங்கினார். நூற்றாண்டு கடந்து அது உலகெங்கும் பரவியிருக்கிறது.

அப்படியானால் கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. மிச்சமிருப்பது யாருக்கு என்ற கேள்வி ஒன்றே. கல்லூரியிலிருந்து பட்டறைக்குப் போகிறவனுக்குப் பாலம் இருக்கிறது. பட்டறையிலிருந்து கல்லூரிக்கு வர நினைக்கிறவனுக்கு? பட்டயம் பெற்றவர் இரண்டாம் ஆண்டிலே சேர வழி உண்டு. பணியிலிருக்கும் பட்டயக்காரர்களுக்கென மாலை வகுப்புகளும் கோவையிலே நடந்து வந்திருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் முன்பு படித்த படிப்பைப் பார்த்துத் திறக்கும் கதவுகள். பத்தாண்டு உழைப்பைப் பார்த்துத் திறக்கும் கதவு எங்கே?

ஒன்றிய அரசு 2023இல் தேசியத் தரப்புள்ளிக் கட்டமைப்பு என்ற ஒன்றை வெளியிட்டது. ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றல், அதற்கு 40 புள்ளி என்பது அதன் கணக்கு. பணி அனுபவத்தையும் மதிப்பிட்டுப் புள்ளியாக்கலாம் என்கிறது. ஏட்டிலே இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆவாரம்பாளையத்துப் பட்டறை வாசலுக்கு அது நடந்து வர வேண்டாமா? அதோடு, ஓராண்டோடு போனால் சான்றிதழ், ஈராண்டோடு போனால் பட்டயம் என்று இடையிலே வெளியேறும் வழிகளையும் தேசியக் கல்விக் கொள்கை அகலத் திறந்து வைக்கிறது. வறியவன் வீட்டுப் பிள்ளை அந்த வழியாகத்தான் முதலில் வெளியேறுவான். நாம் கேட்பது ஏறும் படி, இறங்கும் படியல்ல!

இங்கே ஒரு தோழர் எழுந்து நம்மையே மடக்கலாம்: “வேலையும் கல்வியே என்கிறீரே, 1953இல் இராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டமும் இதைத்தானே சொன்னது?”

கேட்க வேண்டிய கேள்வி! அந்தத் திட்டம் சிறுவனிடமிருந்து பள்ளி நேரத்தைப் பறித்தது. தகப்பன் தொழிலைக் கற்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியது. நாடு கொதித்தெழுந்தது, 1954இல் காமராசர் ஆட்சியிலே திட்டம் ஒழிந்தது. நாம் கூறுவது அதற்கு நேர் எதிரானது. அது பள்ளியிலிருந்து பட்டறைக்குத் தள்ளியது. நாம் பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வழி கேட்கிறோம். அது பிறப்பைப் பார்த்துத் தொழிலைத் தந்தது. நாம் திறமையைப் பார்த்துப் பட்டத்துக்குப் புள்ளி தரச் சொல்கிறோம். அது குழந்தைக்கு விதித்த விலங்கு. இது வளர்ந்த தொழிலாளி விரும்பிக் கேட்கும் உரிமை. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதாலே பொருளும் ஒன்றாகிவிடுமா?

எனினும் விழிப்பு வேண்டும். ‘பயிற்சி’ என்ற சொல்லைக் காட்டிக் கொங்கு நாட்டு நூற்பாலைகள் சிலவற்றிலே நடந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. ஏழைப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்திலே விடுதியிலே அடைத்து, ‘பயிற்சியாளர்’ என்று பெயரிட்டுக் குறைந்த கூலி கொடுத்து, முடிவிலே திருமணத்துக்குத் தொகை தருவோம் என்று ஆசை காட்டினார்களே, அதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்கலப் பெயர் வேறு! தரப்புள்ளியும் அப்படியொரு தூண்டில் முள்ளாகிவிடக் கூடாது. புள்ளி தருகிறோம், ஆகவே கூலி இல்லை என்று எவரும் கூறத் துணியாதபடி சட்டம் காக்க வேண்டும்.

“தரம் தாழ்ந்துவிடுமே!” என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. கதவு திறக்கும்போதெல்லாம் கேட்ட பழைய பாட்டு இது. பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தாலே தமிழ்நாடு நீக்கியபோதும் இதையே பாடினார்கள். கணிதம் கற்காதவனுக்குப் பொறியாளர் பட்டம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பட்டப்படிப்புக்கு 160 புள்ளி என்று மாதிரிப் பாடத்திட்டம் 2018இல் வகுத்தார்களே, அதிலே கணிதமும் இயற்பியலும் அவனும் கற்கட்டும். மாலை வகுப்பிலே, தமிழிலே கற்கட்டும். ஆனால் அவன் ஏற்கெனவே கற்றதை மறுபடியும் கற்பிக்கிறோம் என்று அவன் காலத்தையும் காசையும் பறிக்காதீர்கள் என்கிறோம்.

எப்படி அளப்பது? பேராசிரியர் ஒருவரும் தொழிலறிந்த பொறியாளர் ஒருவரும் பட்டறைக்கே வரட்டும். செய்யச் சொல்லட்டும், செய்ததற்குக் காரணம் கேட்கட்டும். மண்ணிலே ஈரம் மிகுந்தால் என்ன ஆகும், ஏன் ஆகும் என்று அவன் தாய்மொழியிலே கூறட்டும். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பெண், சுற்று ஒன்று குறைந்தால் என்ன நேரும் என்று விளக்கட்டும். ‘எப்படி’ என்று மட்டும் தெரிந்தால் அதற்கேற்ற புள்ளி. ‘ஏன்’ என்றும் தெரிந்தால் முழுப் புள்ளி. தவறினால் தவறியதாகவே எழுதுங்கள். சலுகை கேட்கவில்லை, சோதனை கேட்கிறோம்!

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் செல்லுங்கள். அங்கே என்ன அறிவு இருக்கிறது என்று கேட்டு, எழுதி, பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலோடு பல்கலைக்கழக வாசலிலே நின்று, இதற்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

பட்டமில்லாத ஒருவர் முதல்வராக அமர்ந்த ஊர் இது. பட்டறைத் தொழிலாளி இங்கே மாணவராகவேனும் அமரக் கூடாதா?